லாக்கைப் பிடித்துக்கொண்டு பேசாதவர்

விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களை இருதயசெல்வி அக்காவுக்கு ஆகாது. "சீட்டப் புடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடறானுங்க. நின்னுக்கினு வர்றவங்க என்னா பண்ணுவாங்க?" என்பார். இந்தக் கோபத்துக்குத்தான் திண்டிவனத்தில் அவருக்குச் சம்பளம்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் எங்கள் அலுவலகம். நெட்வொர்க் பெட்டிகளுக்குக் கெர்னல் எழுதுகிறோம். மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் இருந்து வேலை வாங்கும் நிரல் அது. விழுப்புரம் பக்கத்துக் காணை கிராமத்தில் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். 'கெர்னல்' என்ற சொல்லை அங்கே முதலில் உச்சரித்தவனும் நானே.

பெட்டிக்குள் வேலை செய்ய நான்கு பிராசசர்கள், பாக்கெட்டுகள் என்கிற தகவல் பொட்டலங்களுக்கு ஒரே வரிசை. வரிசையைத் தொடுகிற பிராசசர், ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கும் லாக்கை முதலில் பிடிக்க வேண்டும். அவர் விடும்வரை, அதே வரிசைக்கு வந்த மற்றவர்கள் வேறு வேலை பார்க்காமல் வாசலில் நின்று 'விட்டாச்சா, விட்டாச்சா' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். லாக்குக்குள் நடக்கும் வேலையைக் குறைப்பதுதான் அக்காவின் வேலை. கரும்பு வெட்டிய அவர் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. "வேலையக் கொறைச்சா சம்பளமா? எங்க மேஸ்திரிகிட்ட வந்து சொல்லும்மா" என்றார்.

போன மாதம் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: பாக்கெட் கூட்டம் கூடினால் பெட்டி திக்குகிறது. வெள்ளிக்கிழமை டெமோவுக்குள் சரியாகாவிட்டால் வேலை சென்னைக் கிளைக்குப் போகும், அக்காவும் கூடவே போக வேண்டும். அவர் மகள் கிளாரா ஒன்றாம் வகுப்பு. சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் அவளுக்குச் சோறு ஊட்டுவது என்பதை வைத்துத்தான் அக்கா இந்த வேலைக்கே வந்தார்.

காரணத்தை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். லாக்கைப் பிடித்த கையோடு, 'வரிசை நலம் - முத்துசாமி' என்று பாக்கெட் எண்ணையும் சேர்த்து ஒரு செய்தி ஒரு மெதுவான ஒயர் வழியே எழுத்தெழுத்தாகத் திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. முத்துசாமி சார் எங்கள் மேனேஜர்.

"சார், அந்த மெசேஜ எடுத்துடலாங்களா?"

"ஏம்மா, அது உன்ன என்னா பண்ணுச்சு? அஞ்சு வருசமா வந்துக்கினு இருக்குது. கிளையன்ட்டு அதப் பாத்துத்தான் நம்பறான்."

"அது அடிச்சி முடிக்கற வரைக்கும் மத்த பிராசசரெல்லாம் நிக்குதுங்க சார்."

"நிக்கட்டுமே. மெஷினுக்குக் கால் வலிக்குமா?"

எடுக்க அனுமதி இல்லை. அக்கா அதை லாக்கை விட்ட பிறகு அச்சிடும்படி கீழே நகர்த்தினார். வேகம் எகிறியது. நான் டீ வாங்கி வருவதற்குள் பெட்டி செத்துக் கிடந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "சீட்ட விட்டுட்டேன்டா. பைய அங்கயே வெச்சிட்டேன்."

லாக்கை விட்டதுமே வேறொரு பிராசசர் அந்த பாக்கெட்டை அனுப்பி முடித்து நினைவகத்திலிருந்து அழித்துவிட்டது. நம் செய்தியோ எண்ணைக் கேட்டு, இல்லாத பாக்கெட்டைத் தேடிப் போயிருக்கிறது. மருந்து மூன்று வரிதான். லாக்குக்குள் எண்ணை மட்டும் கையில் நகலெடு, லாக்கை விடு, பேச்சையெல்லாம் வெளியே வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை டெமோ தடங்கலின்றி முடிந்தது. வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டு, 'வரிசை நலம்' ஒழுங்காக வருகிறது என்று தனியாகப் பாராட்டினார். வேலை திண்டிவனத்திலேயே இருக்கும் என்று உறுதியானது.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் முத்துசாமி சார், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் கூப்பிட்டார்.

"சார், பஸ்ஸு..."

"ரெண்டே நிமிசம்மா. லாக்க எப்படி ஜல்தியா விடறதுன்னு நம்ம டீம் கண்டுபுடிச்சது இருக்குதே, அத எல்லாரும் தெரிஞ்சிக்கணும்."

ஐந்து வருடத்துக்கு முன் அந்தச் செய்தியை எழுதிய கதையிலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் அவர் எதிரில் நின்றோம். மண்டபத்துக்கு எதிரே விழுப்புரம் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, கிளம்பியது. யாரும் பிடிக்காத ஜன்னலோர சீட்டு ஒன்று மாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

அக்கா போனை எடுத்து மெல்லப் பேசினார்.

"கண்ணு, அம்மா அடுத்த பஸ்ல வர்றேன். இங்க ஒருத்தரு வாசலப் புடிச்சிக்கினு பேசிக்கினு இருக்காரு."