ஏழுமலை அண்ணன் வீட்டுக் கோரல் பிழைத்த கதை

மீன்தொட்டிக் கோரலுக்கு, அதாவது தொட்டியில் வளர்க்கிற உயிர்ப் பவளத்துக்கு, வைத்தியம் பார்க்கிற தொழிலில் நோயாளி வாயே திறக்காது, வீட்டுக்காரர் வாயை மூடவே மாட்டார். தொட்டி வைத்து மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்கு இது தெரியும். ராயபுரத்தில் எங்க சித்தப்பாவுக்கு வண்ணமீன் கடை. வீடு வீடாகப் போய்த் தொட்டியைக் கவனிப்பது என் வேலை. கேட்ட குரலை அப்படியே பேசிக் காட்டுவது என் வியாதி. சிரிப்புக் கதைதான் சொல்லப்போகிறேன். ஆனால் சிரிப்பு கடைசியில்தான். அதுவரைக்கும் என்னோடு கொஞ்சம் உப்புத் தண்ணி குடியுங்க.

கடல் தண்ணி

ஏழுமலை அண்ணன் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கட்டிக் கிடக்க, அவர் வீட்டில். தொட்டியில் ஒரு பச்சைக் கோரல், விரல் விரலாக ஆடும். ஒருநாள் போனால் விரலெல்லாம் சுருங்கி, அடியில் எலும்பு தெரிகிறது. தண்ணீரை மோந்து பார்த்தேன், டீசல் வாடை. நாங்கள் கலந்து கொடுத்த உப்புத் தண்ணீர் தீர்ந்துபோக, படகுக்குப் பக்கத்திலேயே ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றியிருக்கிறார்.

"இன்னா பாப்பா, கடல்ல பொறந்ததுக்கு கடல் தண்ணி ஒத்துக்காதா? எனக்கு ஒத்துக்குதே!"

செல்வி அக்கா வைத்த கெடு

அவர் மனைவி செல்வி அக்கா, தங்கச்சி பிரசவத்துக்காகக் கத்திவாக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ரெண்டு கோரல் செத்து வீடே நாறிய கோபம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்:

"நான் வரசொல்ல இதுவும் செத்துக் கெடந்துது, தொட்டி தெருவுல கெடக்கும். கூட நீயும் கெடப்ப."

தோஸ்துகளுக்கு வேடிக்கை

தண்ணீரை மாற்றினோம். கோரல் தேறாமல் வெளுக்க ஆரம்பித்தது. நொந்த கோரலுக்கு வெளிச்சம் ஆகாது, லைட்டை மங்கலாக வை, சாயந்திரமே அணைத்துவிடு என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா இல்லாத வீட்டில் யார் கேட்பது? தினமும் ஆள் கூட்டிவந்து, ராத்திரி வரைக்கும் லைட்டைப் போட்டு வேடிக்கை காட்டினார் அண்ணன்.

"தோஸ்து வந்துகீறான், இருட்டுல இன்னாத்த காட்டறது? டார்ச் அடிக்கறதா?"

பக்கத்து வூட்டு போன்

அவர் பயப்படுகிற குரல் உலகத்தில் ஒன்றுதான். அது எனக்கு வரும். அக்காவிடமே சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் கோரல் வெளுத்தது தெரிந்து, தொட்டி தெருவுக்கு வந்துவிடும். அதனால் அண்ணனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அக்கா குரலில் கூப்பிட்டேன். "யோவ், நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, பக்கத்து வூட்டு போன்ல பேசறேன். லைட்ட அணைச்சியா?"

"இதோ, அணைச்சிட்டேன் செல்வி!" சுவிட்ச் சத்தம் எனக்கே கேட்டது.

தினமும் சாயந்திரம் இதே பூசை. ரெண்டு வாரத்தில் கோரல் மெல்ல விரல் நீட்டியது, ஓரத்தில் பச்சையும் திரும்பியது. அந்தத் தெம்பில் அன்றைக்கும் கூப்பிட்டு, "யோவ், லைட்ட அணைச்சியா?" என்றேன். போனில் அண்ணனுக்குப் பின்னாலிருந்து, அன்றைக்குத்தான் ஊர் திரும்பிய நிஜ செல்வி அக்கா குரல்: "யாருய்யா அது, என்ன மாதிரியே அதட்டறது?"

அண்ணன் போனிலேயே கத்தினார்:

"அடிப்பாவி பாப்பா! ரெண்டு வாரமா உனக்கா நான் பயந்துகினு கெடந்தேன்?"

ஆகவே சக தொட்டிக்காரர்களே, தண்ணீரைச் சோதிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் யார் குரலுக்கு யார் பயப்படுகிறார்கள் என்பதைச் சோதித்துவிடுங்கள்.