ஆற்றில் இறங்காத வீரன்

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் நிற்கும்போதே பாலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு மில்லில் நூலின் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தேன்.

கருமத்தம்பட்டியில் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். எனக்குப் பின்சீட்டில் மெயின்டனன்ஸ்காரர் ஒருவர் உட்காருவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். பொழுது போவதற்காக ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் சொந்தக் கற்பனை. ஏழு மலைக்கு அப்பால் ஒரு நாடு, வயிற்றுக்குள் விளக்கு எரியும் பாம்பு, பேசும் பாறைகள். ஒரு வீரன் அத்தனையையும் வென்று ஆற்றங்கரைக்கு வருகிறான். எதிர்க்கரையில் இளவரசி. முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் அவன் இறங்காமல் நின்றுவிடுகிறான்.

கதையும் அங்கேயே நின்றது. படை, சாபம், சண்டை என்று நாலு மாதம் சுற்றிச் சுற்றி வந்தார். வீரன் மட்டும் இறங்குகிற வழியைக் காணோம்.

“ஏனுங்க, அவன் ஏன் எறங்க மாட்டேங்கறான்?” என்று பஸ்ஸே கேட்கும்.

“காரணம் இருக்குதுங்க. அப்பறம் வரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாம்பு வயிற்றில் விளக்கு எப்படி அணையாமல் எரிகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மாயம் என்றால் மாயம், ஒத்துக்கொண்டோம். ஆனால் கைகால் நன்றாக இருக்கிற ஒரு ஆள் ஏன் போகவில்லை என்பதை மறைத்தால் அது என்ன கதை? கோளாறு பிடிபடாத மெக்கானிக், ‘வண்டிய வுட்டுட்டுப் போங்க, பாக்கலாம்’ என்பாரே, அந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. இவருக்கே காரணம் தெரியாது, மழுப்புகிறார் என்று பக்கத்து சீட் அக்காவிடம் அடித்துச் சொன்னேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று அந்த அக்கா கேட்டார். எனக்கு அந்தக் கதைக்காரரைப் பிடித்திருந்தது, அதுதான் காரணம். அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. நான் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் கதையையே ஆரம்பிப்பார். நான் லீவு போட்ட நாளில் கதை கிடையாது. ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டிலோ ஒரு வரன் வந்திருந்தது. ஆவணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்பா நெருக்கினார்.

நான் சும்மா இருக்கவில்லை, துப்பறிந்தேன். எங்கள் சனத்தில் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலப்பிரிவு என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. நேராகக் கேட்டால் மனசு தெரிந்துவிடும் என்று, அவர்கள் வீட்டுக் குலதெய்வக் கோயில் எது என்று அக்காவை விட்டு விசாரித்தேன். சத்தியமங்கலம் பக்கம் ஒரு கோயிலைச் சொன்னார். எங்கள் கோயில் காங்கேயம் பக்கம். கோயில் வேறு என்றால் கூட்டமும் வேறு என்று முடிவு கட்டி நிம்மதியானேன். எல்லாவற்றையும் தோண்டித் துருவுகிறவள் அதை மட்டும் நம்பிவிட்டேன்.

ஆடி முடிகிற சமயம், மில் கேட்டில் அவரை நிறுத்தினேன்.

“எங்கூட்டுல வேற எடம் பாக்கறாங்க. உங்கூட்டுப் பெரியவங்கள வந்து பேசச் சொல்லலாமுல்லீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“நாம ஒரே கூட்டமுங்க. எங்க பாட்டன் காலத்துல அந்தப் பக்கம் குடி போயிட்டாங்க, கோயிலு வேற ஆயிருச்சு. உங்க ஊர்க்காரர்கிட்ட நான் மொதல்லயே கேட்டுப்போட்டனுங்க.”

“எப்ப?”

“கதை ஆரம்பிச்ச வாரமே.”

“அப்ப இத்தன நாளா ஏனுங்க சொல்லல?”

“சொன்னா நீங்க திரும்பி உக்கார மாட்டீங்களேன்னுதானுங்க.”

கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. ஒரு பெண்ணை நாலு மாதம் ஆசையில் வைத்திருக்க இவருக்கு என்ன உரிமை? அழுகையும் கோபமும் சேர்ந்து வர, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன். அன்று பார்த்த நூல் எதுவும் கண்ணில் படவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அந்த வரனுக்குச் சரி சொல்லிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் நான் திரும்பவில்லை. அவர் தானாகவே ஆரம்பித்தார். ஒரு பெரிய வெள்ளம் வந்ததாம், ஆறு வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டதாம். இருந்த இடத்தில் வெறும் மணல். வீரன் நடந்தே அக்கரைக்குப் போனானாம், இளவரசி கையைப் பிடித்தானாம். கதை முடிந்தது.

“இவ்வளவுதானுங்களா? மொதல்லயே ஏன் போகலைன்னு சொல்லவே இல்லையே!” என்று பஸ் முழுக்க ஒரே கூச்சல். நாலு மாதம் எங்களை ஏமாற்றிப்போட்டார் என்று அந்த அக்கா என் தோளைத் தட்டிச் சிரித்தார். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு பெருந்துறை வரைக்கும் அழுதேன்.