நான் திருத்திக் கொடுத்த கவிதை

பள்ளிக்கூடத்து வாசலில் அவள் வந்து நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தலையில் கவிழ்த்திருந்த கம்பளியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்றேன். வரவில்லை. "கொழுந்தெடுக்கிறவங்களும் வரலாமுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது இருக்கும். எனக்கு இருபத்து நான்கு.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருடங்கள் ஆகியிருந்த சமயம். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த எங்கள் சனங்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை பறிபோயிருந்தது. டயகமப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் உதவி ஆசிரியையாக இருந்தேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். நம்மைப் பற்றி யார் யாரோ பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், நம் பிள்ளைகள் வாயைத் திறப்பதே இல்லையே என்று எனக்கு ஆதங்கம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கவிதை எழுதப் பழக்குகிறேன் என்று அறிவித்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் படிப்பை விட்ட இளைஞர்களுமாக எட்டுப் பேர் வந்தார்கள். ஒன்பதாவதாக வந்தவள் இவள். மேட்டு லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், குடியிருந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

மற்றவர்கள் நிலவைப் பற்றியும் தாமரையைப் பற்றியும் எழுதினார்கள். அந்தக் குளிரில் தாமரை ஏது? ஒருவரும் அதை நேரில் பார்த்ததில்லை, நானும்தான். ஆனாலும் தாமரை வந்த இடத்திலெல்லாம் நான் 'நன்று' என்று எழுதினேன். அவள் மட்டும் ஒன்றும் எழுதாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஆறேழு வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மனசுல இருக்கிறத எழுது. உனக்கு எப்படி வருதோ அப்படியே எழுது" என்றேன். அந்தச் சொற்களை நான்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஒரு தாளைக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் நிறைய. அவளுடைய அம்மாவைப் பற்றியது. அதற்கு முந்தின வருட மழைக்காலத்தில் அவர் இறந்துபோயிருந்தார். காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போனவர், முடியாமல் நடுப்பகலிலேயே திரும்பி வந்து படுத்துவிட்டார். மகள் மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்குகிறார் என்றுதான் நினைத்திருக்கிறாள். நீளமான கவிதை அது. எனக்கு இப்போது முதல் ஐந்து வரிகள்தான் நினைவில் இருக்கின்றன.

எங்கம்மா கையி எப்பவும் சில்லுன்னு இருக்கும்
எங் கன்னத்துல வச்சுட்டுச் சிரிக்கும்
அன்னைக்கும் சில்லுன்னுதான் இருந்துச்சு
நான் சிரிச்சேன்
அம்மா சிரிக்கல

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் இன்னொருத்தி இருந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போன புதிதில் நான் "இருக்குதுங்க", "போறோமுங்க" என்று பேசியதைக் கேட்டுக் கூடப் படித்தவர்கள் சிரித்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் நான் அந்தப் பேச்சை நாக்கிலிருந்து துடைத்துப்போட்டேன். தோட்டத்துப் பேச்சை அச்சில் பார்த்தால் மறுபடியும் யாராவது சிரிப்பார்கள், இந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

"கையி" என்பதை வெட்டிக் "கரங்கள்" என்று எழுதினேன். "எங்கம்மா" அன்னையானாள். "சில்லுன்னு" போய்ப் "பனியினும் குளிர்ந்த" வந்தது. நான்காவது வரியில் வந்து நின்றேன்.

"அம்மா செத்தப்ப சிரிச்சேன்னு எழுதினா, படிக்கிறவங்க உன்னப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"ஆனா சிரிச்சேனுங்க டீச்சர்" என்றாள் அவள். "அம்மா வெளையாடுதுன்னு நெனச்சு, நானே அந்தக் கைய எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாதில்ல?" என்று சொல்லி அந்த வரியை அடித்தேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய முகம் அது. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் அழகாகத் திரும்ப எழுதினேன். அவளுடைய தாளில் திருத்தங்கள் மண்டிப்போய் ஒன்றும் வாசிக்க முடியாமல் இருந்தது. இனி எதற்கு என்று அடுப்பில் போட்டேன். தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

கொழும்புப் பத்திரிகை ஒன்றின் இளைஞர் பக்கத்தில் அது வெளிவந்தது. கீழே அவள் பெயர், தோட்டத்தின் பெயர். எங்கள் தோட்டத்தின் பெயர் பத்திரிகையில் வந்தது அதுதான் முதல் தடவை என்று தலைமை ஆசிரியர் எல்லோரிடமும் காட்டினார். அந்த ஞாயிறு நான் வகுப்பில் அதை உரக்க வாசித்தேன். "தியாகத்தின் திருவுருவே" என்று முடித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குங்க டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் பத்திரிகையையே பார்த்தாள். "எங்கம்மாவத்தான் காணோம்."

அம்மா உயிரோடு இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று வருந்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தோளைத் தட்டி, "மேலே இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குப் புரிய எத்தனையோ வருடங்கள் ஆயின.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. ஒருமுறை ஒற்றையடிப் பாதையில் கூடையோடு எதிரே வந்தாள். எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று சிரித்தாள். ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு, "எழுத ஒண்ணும் வரலீங்க டீச்சர்" என்றாள். பத்திரிகையில் ஒருமுறை பெயர் வந்ததும் போதும் என்று நினைத்துவிட்டாள்போல என்று எனக்குக் கோபம். மேட்டு லயம் பத்து நிமிட ஏற்றம்தான். ஒருநாள்கூட ஏறிப் போய் அவளைக் கூப்பிடவில்லை. மறு வருடம் எனக்கு வட்டகொடைப் பக்கம் மாற்றலாயிற்று.

பிறகு ஒன்பது பத்து வருடம் கழித்து, வேலை சம்பந்தமாக ஒரு கடிதம் வாங்கப் பழைய பள்ளிக்குப் போனேன். திரும்பும்போது கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "டீச்சர்!" என்று ஓடிவந்தாள். அவள்தான். கல்யாணமாகி அதே லயத்திலேயே இருந்தாள். "அப்பா உங்களப் பாத்தா சந்தோசப்படுவாங்க, ஒரு வாய் சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். அன்றுதான் அந்த ஏற்றத்தில் முதன்முதலாக ஏறினேன்.

அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையான காம்பராவின் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், அந்தப் பத்திரிகைத் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "வர்றவங்க போறவங்க எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்லுவேனுங்க. எம் பொண்டாட்டியப் பத்தி பேப்பர்ல வந்துச்சுல்ல" என்றார். "டீச்சருக்கு வாசிம்மா."

அவள் சட்டத்தைப் பார்க்கவே இல்லை. தேநீர் ஆற்றிக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல், பனியினும் குளிர்ந்த கரங்களிலிருந்து தியாகத்தின் திருவுரு வரைக்கும் சொல்லி முடித்தாள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குவளையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தாள். பாதி வழியில் நின்று கேட்டேன். "தங்கச்சி, நீ மொதல்ல எழுதினியே, அதச் சொல்லேன். அப்படியே எழுதிக்கிறேன். ஒரு எழுத்துக்கூட மாத்த மாட்டேன்."

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே தேடினாள். "வர மாட்டேங்குதுங்க டீச்சர்" என்றாள். "அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லி அதுதான் வாயில நிக்குது. எனக்கு இப்ப அம்மாவ நெனச்சாலே அதுதான் வருது."

எனக்கு நினைவிருந்த ஐந்து வரிகளையும் சொன்னேன். தோட்டத்துப் பேச்சு என் வாயிலிருந்து வந்து அத்தனை வருடமாகியிருந்தது. "கையி" என்று சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. அவள் அசையாமல் கேட்டாள். "அம்மா சிரிக்கல" என்று நான் நிறுத்தியதும், பக்கத்தில் நெருங்கி வந்து, சின்னப் பிள்ளை கதை கேட்பதுபோல் கேட்டாள்.

"அப்புறம் என்னங்க வரும், டீச்சர்?"

தெரியவில்லை என்று சொன்னேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லீங்க டீச்சர், நடங்க, பஸ்ஸு வந்துரும்" என்றாள்.