தோலுக்குத் தரம் சொன்ன காசி

என் மகன் காசி ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் தோலுக்குத் தரம் பிரித்தவன். விரித்த தோலைக் கட்டைவிரலால் தடவி, "ஒண்ணு", "நாலு" என்று சத்தமாகச் சொல்வான்; ஒண்ணு உசத்தி, நாலு மட்டம். பக்கத்தில் நிற்பவர் அந்த நம்பரைத் தோலின் பின்பக்கம் சாக்பீஸால் போடுவார். அவன் சொன்னதை மறுத்துப் பேசினவர் கிடையாது.

போன ஆவணியில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தான். கைகால் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. தண்ணி வேணுமா என்றாலும் "ரெண்டு", பெண்டாட்டி பேர் இன்னா என்றாலும் "ரெண்டு". நாம் பேசுவது மட்டும் புரியும்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மெர்சியை, ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டு நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள்: "நூத்தி அறுபது வருஷம் முன்னாடி பிரான்ஸ்ல ஒருத்தர் இப்படித்தான் ஆயா, ஒரே சத்தம்தான் வரும். செத்த பிறகு டாக்டர் மூளையைத் திறந்து, இடது பக்கம் முன்னாடி கெட்டிருக்குன்னு பார்த்தார். அப்புறம் ஜெர்மன்காரர் ஒருத்தர், புரிஞ்சுக்கிற இடம் வேற, பேசுற இடம் வேற, நடுவுல வழி இருக்குன்னார்." தாளில் வட்டங்கள் போட்டுக் கோடு இழுத்தாள்.

"அந்த பிரான்ஸ் ஆளு பேசினாரா?"

"இல்ல ஆயா."

"அப்போ இந்தப் படம் எதுக்கு?"

"எது போச்சுன்னு சொல்றதுக்கு. இந்தப் படமே முழுசும் சரியில்லன்னு இப்போ சொல்றாங்க."

எனக்கு ஒன்று பிடிபட்டது. கெட்டது பேசுற இடம். எழுத்து கையில்தானே இருக்கிறது? பேனா பிடிக்காதவள் நான், அப்படித்தான் நினைத்தேன். மெர்சியிடம் கேட்டதற்கு, "எழுத்தும் கூடவே போயிருக்கும் ஆயா" என்றாள். "படிச்சவங்க வேலையே பயமுறுத்துறது" என்றேன்.

காசியை டேனரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் மருமகள் அமிர்தவள்ளி தடுத்தாள். "வேணாம் அத்தே, நாலு பேர் முன்னாடி அவரை நிக்க வைக்காதீங்க." கேட்காமல் கூட்டிப்போனேன்.

மேனேஜர் தபரேஸ் நல்ல மனுஷன். "நம்பரை எழுதிக் காட்டினாப் போதும்மா, இன்னைக்கே சேர்த்துக்கறேன்."

மேஜைமேல் விரித்த தோலைக் காசி தடவினான். ஒரு இடத்தில் விரல் நின்றது. உண்ணி கடித்த வடு என்றார் தபரேஸ், கண்ணுக்கே தெரியாதது.

"பாத்தியா, கை மறக்கல" என்று சாக்பீஸைக் கொடுத்தேன்.

தோலைப் புரட்டினான். சாக்பீஸைக் கீழே இழுத்தான், நின்றது. திரும்ப இழுத்தான். நம்பராக ஆகவில்லை. இன்னொரு தோலிலும் அப்படியே. வெறும் கோடு. அதைச் சட்டை முனையால் அவனே துடைத்தான்.

தபரேஸ் என் முகத்தைப் பார்க்காமல், "கோதண்டராமா, நீ வந்து பாரு" என்றார்.

அங்கே தரம் பிரிக்கும் கோதண்டராமன் முதல் தோலைத் தடவி, "நாலு" என்றான்.

காசி ஆமாம் என்று தலையாட்டினான். மேஜையை விட்டு நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.