தம்பிக்கென்று ஒரு பக்கம்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு எழுதும்போது கண்ணீர் வரவேண்டும் என்பார்கள். எனக்கோ அப்பாவை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படப்பைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர் அப்பா. சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பை நிறுத்திவிட்டு, தாம்பரத்தில் ரயில்வே வேலையில் சேர்ந்தார். தான் விட்ட படிப்பைத் தன் ஒரே தம்பிக்குக் கொடுத்தார். படித்து முடித்து மலேசியாவுக்கு வேலைக்குப் போன அவர்தான் எங்கள் பினாங்கு சித்தப்பா.

தபால்தலை சேர்ப்பது அப்பாவுக்கு உயிர். ஆனால் கடையில் ஒன்றுகூட வாங்கியதில்லை. "நமக்குன்னு ஒருத்தர் எழுதினாதான் அது நம்ம ஸ்டாம்பு" என்பார். சொந்தக்காரர்களின் கடிதங்களிலிருந்து எடுத்தவை மட்டுமே ஆல்பத்தில் ஏறும். அதுவும் நாடு வாரியாக அல்ல, ஆள் வாரியாக. அத்தைக்கு ஒரு பக்கம், மாமாவுக்கு ஒரு பக்கம். நான் கல்லூரி விடுதியிலிருந்து கடிதம் போடாத மாதங்களில், நேரில் வந்து, "உன் பக்கம் காலியா கீதும்மா" என்று தோழிகள் எதிரிலேயே என் மானத்தை வாங்குவார்.

கருமாதிக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது நம் வழக்கம். அப்பா அதிலும் தபால்தலையைக் கத்தரித்த பிறகுதான் கிழிக்க விடுவார். அம்மாவுக்கு இது அறவே பிடிக்காது.

சித்தப்பா பினாங்கிலேயே பெண் பார்த்து, தாலி கட்டிய பிறகு தகவல் சொன்னார். அப்பாவுக்கு வந்த கோபத்தில் ஆறு வருடம் கடிதமே இல்லை. சித்தப்பாவின் பக்கம் பாதியில் நின்றது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா சும்மா உட்கார்ந்திருப்பார். ஆனாலும் ஒரு வரி எழுத மாட்டார்.

நான் ஆறாவது படிக்கும்போது பினாங்கிலிருந்து ஓர் உறை வந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு மை. சாவுச் செய்திக்குத்தான் அப்படி மை தடவுவார்கள். அம்மா பிரிக்கக்கூட இல்லை. "ஐயோ, தம்பி போயிட்டாரே!" என்று அலறி, நாலாகக் கிழித்து வாசலில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார். அக்கா ஓடிப்போய் அப்பாவை வேலையிலிருந்து கூட்டி வந்தாள். அப்பா கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு உட்கார்ந்து, "நான் ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். துக்க வீடாயிற்றே என்று பக்கத்து வீட்டு அக்கா அதற்குள் உப்புமா கிண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

திடீரென்று அப்பா நிமிர்ந்தார். "அந்த கவரு எங்க?"

"கிழிச்சிப் போட்டுட்டேங்க."

"ஸ்டாம்போடயா?"

தம்பியின் கடைசித் தபால்தலை ஆயிற்றே என்று கூடையைக் கவிழ்த்தார். துண்டுகளைப் பொறுக்கியவர், ஒன்றைக் கையில் எடுத்து அப்படியே நின்றார்.

"இது அவன் கையெழுத்துடி! செத்தவன் எப்படிடி லெட்டர் போடுவான்?"

தரையில் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தோம். சித்தப்பாவுக்குப் பெண் பிறந்திருந்தது. "கோபம் தீர்ந்ததென்றால் குழந்தைக்கு நீங்களே பெயர் சொல்லுங்கள், அண்ணா" என்று எழுதியிருந்தார். ஓரத்தில் இருந்தது பேனா கசிந்த கறை! உப்புமாவைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டோம். அப்பா தலை துவட்டுவதற்கு முன்பே பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். அம்மாவை இதைச் சொல்லியே முப்பது வருடம் கேலி செய்தார்.

ஓய்வு பெற்று ஊரப்பாக்கம் வந்த பிறகும், தினம் போனில் பேசும் பேரப்பிள்ளைகளை அடுத்த ஊரான கூடுவாஞ்சேரியிலிருந்து கடிதம் போட வைத்தார்.

நோயில் படுத்த நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. இதைப் படிக்கும் சொந்தங்களில் பலருக்கு அந்த ஆல்பத்தில் பக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பாருங்கள்.

சித்தப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டுப் போக வந்தவர் அவர். கிளம்பும் அன்று பெட்டியோடு கட்டிலருகே நின்று, "போயிட்டு லெட்டர் போடறேண்ணா" என்றார்.

அப்பா அவர் கையை விடவில்லை. "லெட்டரெல்லாம் வேணாம். நீ இருடா" என்றார்.

சித்தப்பா கடைசி வரை இருந்தார்.