நெட்ராவின் முழங்கை

ஆர்டித்துக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்கும். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் அந்தச் சத்தம் ஓயவில்லை. வெட்டியதெல்லாம் வெறும் வண்ணக் காகிதம். போட்டோ ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நாற்பது வருடமாகப் போட்டோவை வெட்டியே பெயர் வாங்கியவளுக்கு, முதல் தடவையாக வெட்டப் பயமாக இருந்தது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. சர்ச்சிலிருந்து வந்து, மாட்டிறைச்சியும் கேரட்டும் பரிமாறிக்கொண்டிருந்தபோது மகள் ஜேலின் பேச்சை எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை நெட்ராவுக்கு எழுபத்தைந்து வயது. நெட்ரா, ஆர்டித்தின் கணவன் டீலாய்க்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பத்தொரு வருடம் வான்கோழிப் பண்ணையில் உழைத்தாள். குடும்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் இரண்டு வாரம் வந்து தங்கி, துணி துவைத்து, சமைத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

"நெட்ரா அத்தையோட வாழ்க்கையையே ஒரு ஆல்பமா பண்ணிக் கொடுத்துடலாம்" என்றாள் ஜேலின். "எல்லா போட்டோவும் அம்மாகிட்டதானே இருக்கு."

டீலாய் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு தலையாட்டினான். "உங்கம்மா கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒட்டுவா. ரெண்டு நாள் வேலை."

"ரெண்டு நாளா? நீ ஒரு தபால்தலையாவது நேரா ஒட்டியிருக்கியா?" என்று ஆர்டித் கேட்டாள். கேட்டாளே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள். அவர்கள் ஊரான சான்பீட் பள்ளத்தாக்கில் ஆல்பம் என்றால் ஆர்டித், ஆர்டித் என்றால் ஆல்பம். இருபத்தேழு ஆல்பங்கள் வரவேற்பறை அலமாரியில் வருடவாரியாக நிற்கின்றன. சர்ச் பின்கூடத்தில் வியாழன்தோறும் அவள் நடத்திய வகுப்பில் படிக்காத பெண் அந்தப் பக்கத்தில் குறைவு. தேயிலைச் சாயத்தில் காகிதத்தைப் பழுப்பாக்குவது, ஈர விரலால் ஓரத்தைக் கிழித்து மெத்தென்று ஆக்குவது, விதைப் பொட்டலத்தின் படத்தையும் தீவன மூட்டையின் சீட்டையும் அலங்காரமாக்குவது, பொத்தானை எப்போதும் மூன்று மூன்றாக வைப்பது, எல்லாம் அவள் கற்றுக்கொடுத்தவை. தேநீர் குடிக்கக் கூடாதென்று விதி வைத்திருந்த அவர்கள் சபையில் அதைக் கடையில் கேட்டு வாங்கிய ஒரே பெண்மணி அவள்தான். அந்தக் கேலியையும் முப்பது வருடமாகக் கேட்டுச் சலித்திருந்தாள்.

அவள் வகுப்பின் முதல் சட்டம் ஒன்று உண்டு. "ஒவ்வொரு பக்கத்துலயும் கண்ணு உக்கார ஒரே ஒரு நாற்காலி போடுங்க. ஓரத்துல நிக்கறதெல்லாம் இடைஞ்சல். வெட்டித் தள்ளுங்க." இதைச் சொல்லும்போது முட்டை வடிவில் வெட்டும் கருவியை எடுத்துக் காட்டுவாள். நடுவில் இருக்கும் முகங்கள் வட்டமாக, அழகாக வந்து விழும். மிச்சத்தைக் கூட்டித் தள்ள வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை முதல் ஆல்பத்தை விரித்தாள். எழுபத்தெட்டாம் வருடத்து ஏரிக்கரைச் சுற்றுலா. முட்டை வடிவத்துக்குள் டீலாய், மடியில் குழந்தை, மாமனார், மாமியார். டீலாயின் தோள்மேல் ஒரு கை இருந்தது. கைக்குச் சொந்தக்காரி இல்லை. அடுத்த பக்கத்தில் ஒரு முழங்கை. அதற்கடுத்து, புல்லின்மேல் ஒரு செருப்பு மட்டும். ஆர்டித் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது ஆல்பத்தை எடுத்தாள். அதில் ஒரு பாவாடை நுனி. ஒன்பதாவது ஆல்பத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். நெட்ரா எல்லாப் படத்திலும் இருந்தாள். எந்தப் படத்திலும் தலையில்லை.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. அந்தக் காலத்தில் குடும்பத்தில் கேமரா வைத்திருந்தது நெட்ரா ஒருத்திதான். எல்லோரையும் நிறுத்தி, கேமராவை வண்டிமேல் வைத்து, டைமரை முடுக்கிவிட்டு ஓடி வருவாள். பத்து செகண்டில் எங்கே வந்து சேர முடியும்? வலது ஓரத்தில் வந்து விழுவாள். முடி பறக்கும், வாய் திறந்திருக்கும், முகம் கலங்கி மங்கலாக இருக்கும். பிறகு பிரிண்டையும் நெகட்டிவையும் ஒரே உறையில் போட்டு ஆர்டித்திடம் நீட்டுவாள். "நீயே வச்சுக்கோ. நீதான் அழகா ஒட்டுவே."

அவளும் அழகாகத்தான் ஒட்டினாள்.

முதலில் கோபம் நெட்ராமேல்தான் வந்தது. "பத்து செகண்டு போதாதுன்னா ஒரு எட்டு முன்னாடி வச்சுக்கணும். இல்லைன்னா நடுவுல ஓடி வந்து நிக்கணும். முப்பது வருஷமா ஒரே ஓரத்துல வந்து நின்னா நான் என்ன செய்ய?" என்று அலமாரியிடம் கத்தினாள். அலமாரி பதில் சொல்லாததால் நெகட்டிவைத் தேடி நிலவறைக்கு இறங்கினாள். பீச் பழப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. பத்து வருடத்துக்கு முன் வெந்நீர்க் கொதிகலன் வெடித்து நிலவறையே குளமானபோது பெட்டியும் நனைந்திருந்தது. உள்ளே நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாலாடைக்கட்டிபோல் ஒரே துண்டாகக் கிடந்தன. அதை ஒரு உதை விட்டாள். கால்தான் வலித்தது.

ஜேலினை விட்டு உறவுக்காரர்களிடமெல்லாம் நெட்ராவின் பழைய படம் கேட்டாள். எல்லோரும் ஆசையாகப் படம் அனுப்பினார்கள். வந்தது அத்தனையும் ஆர்டித்தே கிறிஸ்துமஸுக்கு நகலெடுத்துக் கொடுத்த பக்கங்கள். அதே முட்டை வடிவம், அதே கை.

செவ்வாய்க்கிழமை மிச்சத் துண்டுகளின் டப்பாக்களைக் கொட்டினாள். நல்ல ஒட்டுக்காரி துண்டைக் குப்பையில் போட மாட்டாள். நிறம் பிரித்து வைப்பாள். பச்சை டப்பாவில் புல்லும் மரமும், நீல டப்பாவில் வானமும் ஏரியும் இருந்தன. ஆளைக் காணோம். அப்போதுதான் தொண்ணூற்றிரண்டாம் வருடத்து ஈஸ்டர் பக்கம் நினைவுக்கு வந்தது. பண்டிகை முயல் படத்தைச் சுற்றி அவள் ஒட்டிய பூ வளையத்துக்கு ஊரே கைதட்டியது. எடுத்துப் பார்த்தாள். இதழ் இதழாக, போட்டோவிலிருந்து வெட்டிய நீலக் கட்டம் போட்ட துணி. நெட்ராவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அது. நாத்தனாரைப் பூப்பூவாக வெட்டி முயலுக்கு மாலை போட்டிருந்தாள்.

ஜேலினுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அம்மா, இதுக்குப் போய் இவ்வளவு பதறுறியா? ஒரு பெரிய பூவை வச்சு மறைச்சிடு."

"எதைடி மறைக்கறது? மறைக்கறதுக்கு ஆள் வேணாமா? ஆளே இல்லை!"

"அப்ப ஆல்பம் வேணாம். ஒரு போர்வை வாங்கிக் கொடுத்துடலாம்."

"நாப்பது வருஷமா குடும்பத்தைக் காப்பாத்தி வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, அவளுக்குப் போய்ப் போர்வையா?" என்று போனை வைத்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அழவும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை நெட்ராவின் ஓட்டுநர் உரிமத்துப் படத்தை எப்படியோ வாங்கிப் பெரிதாக்கி, நடுவில் வைத்து, மூலைக்கு மூன்று பொத்தான் தைத்தாள். டீலாய் எட்டிப் பார்த்தான்.

"அக்கா ஜெயில்லேர்ந்து இப்பதான் வந்த மாதிரி இருக்கு."

"நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அவன் போன பிறகு பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. பக்கத்தைக் கிழித்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை, கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, ஏரிக்கரைப் பக்கத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். டீலாயின் தோள்மேல் அந்தக் கை. மணிக்கட்டோடு முட்டையின் கோடு வந்து முடிந்துவிட்டது. அதற்குமேல் வெற்றுக் காகிதம். அவள் கண் அங்கேயேதான் போய்ப் போய் உட்கார்ந்தது. நாற்காலி எங்கே போட்டிருந்தாலும் கண் அதில் உட்காரவில்லை.

படத்தை மெல்ல உரித்தெடுத்தாள். புதுக் காகிதத்தின் இடது ஓரத்தில், அவள் சட்டத்துக்கே விரோதமாக ஒட்டினாள். வலது பக்கம் முழுக்கக் காலி. ஊசியால் மணிக்கட்டிலிருந்து வரிசையாகத் துளை போட்டு, சிவப்பு நூலைக் கோத்து, கையைத் தொடர்ந்து தைத்துக்கொண்டு போனாள். முழங்கை வந்தது. தோள் வந்தது. பறக்கும் பாவாடை, காற்றில் தூக்கிய ஒரு கால், பின்னால் விரிந்த முடி எல்லாம் வந்தன. முகம் மட்டும் வெறும் வட்டம். அவளுக்கு முகம் வரையத் தெரியாது.

டீலாய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "வான்கோழியா?"

"உங்க அக்கா!"

"அதான், எங்கேயோ பாத்த ஓட்டமா இருக்கேன்னு பாத்தேன்" என்று சொல்லித் தப்பித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பக்கம் முடித்தாள். எல்லாவற்றிலும் நெட்ரா சிவப்பு நூலாக ஓடி வந்துகொண்டிருந்தாள். வழக்கமாக 'இனிய தருணங்கள்' என்று பொன்னெழுத்து ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் பேனாவால் எழுதினாள். வருடம், இடம், நெட்ரா என்ன உடுத்தியிருந்தாள் என்று தனக்கு நினைவிருந்தவரை. அதன் கீழே, 'ஓடி வந்தாள். நான் வெட்டினேன்.' முதல் இரண்டு பக்கத்தில் மன்னிப்பும் கேட்டிருந்தாள். பதினெட்டுத் தடவை கேட்டால் கேலிக்கூத்தாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை சர்ச் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேஜை போட்டு, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கும், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியும் பரப்பியிருந்தார்கள். நெட்ரா வந்து, ஒரு ஓர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஜேலின் ஆல்பத்தை அவள் மடியில் வைத்தாள். ஆர்டித் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் கை" என்றாள் நெட்ரா.

"ஆமா."

"இது என் முழங்கை. அந்தத் தழும்பு வேலிக் கம்பி கிழிச்சது." பக்கத்தைத் திருப்பினாள். "இந்த வான்கோழி யாரு?"

"அதுவும் நீதான்."

நெட்ரா ஒரு முறை குலுங்கிச் சிரித்தாள். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று படித்துக்கொண்டே போனாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒவ்வொரு வருஷமும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு உன் வீட்டுக்கு வந்து ஆல்பத்தையெல்லாம் புரட்டுவேனே. எதுக்குன்னு நெனச்சே?"

"ஆசையா பாக்கறேன்னு நெனச்சேன்."

"என் தலையைத் தேடினேன்டி. இந்த வருஷமாவது இருக்குமான்னு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நெட்ரா!"

"எப்படிக் கேக்கறது? உனக்கு என்மேல கோவம்னு நெனச்சேன். நீ கல்யாணமாகி வந்த புதுசுல சுட்ட ஆப்பிள் பை பலகாரம் செருப்புத் தோல் மாதிரி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே. அதுக்குத்தான் வெட்டுறேன்னு இருந்தேன். எப்படா மன்னிப்புக் கேக்கலாம்னு பாத்துக்கிட்டே நாப்பது வருஷம் போச்சு."

"எனக்கு அந்த ஆப்பிள் பையே ஞாபகமில்லையே."

நெட்ரா ஆல்பத்தை மூடினாள். "அப்ப உனக்குக் கோவமே இல்லையா?"

"இல்லவே இல்லை."

"கோவமே இல்லாமலா என்னை வெட்டினே?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் ஆர்டித். "அந்த முட்டைக்குள்ள நீ அடங்கல" என்றாள். சொன்னதைத் தன் காதாலேயே கேட்டதும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நெட்ரா அவளைப் பார்க்காமல் ஜெல்லிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வாங்க, போட்டோ!" என்று ஜேலின் கூவினாள். முப்பத்திரண்டு பேரும் வளையத்துக்குக் கீழே கூடினார்கள். நெட்ரா பழக்கதோஷத்தில் எழுந்து போனுக்குக் கை நீட்டினாள். "கொடு, நான் டைமர் வைக்கறேன்."

ஆர்டித் அதைப் பிடுங்கினாள். "நீ போய் நடுவுல உக்காரு."

"உன் முட்டியில போன குளிர்காலம்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கு."

"உக்காருன்னா உக்காரேன்! வாழ்க்கையில ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு!"

போனை ஜெல்லிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள். பத்து செகண்டு என்று அழுத்தினாள். திரும்பி ஓடினாள். அறுபத்தேழு வயதில், இரும்பு முட்டியோடு, ஊதாப் பூப்போட்ட கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மேஜை முனை இடுப்பில் இடித்தது. ஜெல்லி ஆடியது. பத்து செகண்டு இவ்வளவு சின்னது என்று அவளுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

திங்கட்கிழமை, போட்டோவும் அச்சடித்துத் தரும் மருந்துக்கடையிலிருந்து பிரிண்ட் வந்தது. நடுவில் நெட்ரா, தெள்ளத் தெளிவாக, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. வலது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஓரத்தில் ஊதாப் பூப்போட்ட கை ஒன்று, முழங்கை வரைக்கும், மங்கலாக.

"நீயே இல்லையே இதுல. வேற எடுத்திருக்கலாம்" என்றான் டீலாய்.

ஆர்டித் பசையை எடுத்தாள். அதை அப்படியே, ஓரம்கூடத் தட்டாமல், தன் அலமாரியிலிருந்த கடைசி ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இடது பக்கமாக ஒட்டினாள். வலது பக்கம் காலியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நெட்ரா வந்தாள். யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஆர்டித் சுட்ட ஆப்பிள் பையில் மட்டும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து அந்த ஆல்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அந்த ஊதா முழங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏண்டி ஆர்டித்" என்றாள். "அந்தச் சிவப்பு நூலை எங்க வச்சிருக்கே?"