சத்தியக் கடதாசியில் எழுதிய ஐந்து சீடிகள்

போன வியாழக்கிழமை பரமட்டாவில் பல் டொக்டரிடம் காத்திருந்தபோது, கூரையில் பொருத்தியிருந்த ஸ்பீக்கரில் அவனுடைய குரல் வந்தது. பல்வலி மறந்தே போய்விட்டது. ஒரு காலத்தில் இதே பாட்டைப் போட்டால் அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு ஓடிவருவார். இப்போது பல் பிடுங்க வந்தவர்களைச் சாந்தப்படுத்தப் போடுகிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த வயதான வெள்ளைக்காரி காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னம் வீங்கியிருந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அவன் பெயரைச் சொல்லமாட்டேன், இந்த வயதில் எனக்கு வெட்கம். லத்தீன் அமெரிக்கத் தாய்தகப்பனுக்கு அமெரிக்காவில் பிறந்த ராப் பாடகன், பாதி ஸ்பானிய மொழி, பாதி ஆங்கிலம் என்ற அளவில் உங்களுக்குப் போதும். முதலில் மூன்று பேர் சேர்ந்த குழு ஒன்றில் இருந்தான். அவர்களோடு கொழுவிக்கொண்டு தனியே வந்த பிறகு வெளியிட்டவை மொத்தம் ஐந்து சீடிகள். குழுவில் இருந்தபோது பாடியதை நான் சேர்த்துக்கொள்வதில்லை. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் குளித்தாலும் என்னில் ஆப்பிள் வாசம் போகாது. இன்றைக்கும் சூப்பர் மார்க்கெட்டில் அந்த வாசம் வந்தால் எனக்கு முதுகின் அடியில், நாரியில் வலிக்கும். எனக்குப் பக்கத்தில் நின்று அடுக்கியவள் சிலி நாட்டுக்காரி ரோசா. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, அதனால் நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்டோம். தேநீர் இடைவேளையில் தன் வோக்மனின் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகுவாள். ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் ஒருவன் மூச்சு விடாமல் யாரையோ ஏசுகிறான் என்பது விளங்கியது. அந்த நாட்களில் ஏசுவதற்கு எனக்கும் நிறையப் பேர் இருந்தார்கள், ஆங்கிலம்தான் போதவில்லை. எனக்காகவும் சேர்த்து அவன் ஏசினான்.

சீடிகளின் தலைப்புகளை ரோசாதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். நான் அவற்றைத் தமிழில் பெயர் வைத்துக் கூப்பிட்டேன். முதலாவது ‘சத்தம் போடாதே’. பெயர்தான் அப்படி, உள்ளே முழுக்கச் சத்தம். இரண்டாவது ‘ஈர மதில்’. பரமட்டா ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த சின்ன சீடிக் கடைக்கு மூன்று சனிக்கிழமை அலைந்து எடுத்தது. மூன்றாவது ‘உப்பு’, அவன் செய்ததிலேயே திறம். நாலாவது ‘பத்தாம் மாடி’யில் திடீரென்று காதல் பாட ஆரம்பித்துவிட்டான். ரோசாவும் நானும் ஒரு கிழமை அவனோடு கோபமாக இருந்தோம், அவனுக்குத்தான் அது தெரியாது. ஐந்தாவது ‘அப்பாவின் செருப்பு’. தகப்பன் செத்த பிறகு செய்தது, அதில் மட்டும் மெதுவாகப் பாடினான்.

நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக் களைத்திருந்த நேரம். மாப்பிள்ளை கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தார். படம் வந்தது, சாதகம் பொருந்தியது. முதல் கடிதத்திலேயே நான் உள்ளதைச் சொன்னேன், எனக்கு இப்படி ஒரு பைத்தியம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று. ஐந்து வரியில் பதில் வந்தது. லிஸ்டை அனுப்பும், நானும் தெரிந்துவைக்கிறேன். அந்த ஐந்து வரியில் எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. சீடிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் கசெட்டில் பதிந்து அனுப்பினேன். ஐந்தாவது வெளிவந்ததும் அதையும் அனுப்பினேன். பாட்டுகளைக் கேட்டேன், நல்லாயிருக்கிறது என்று எழுதினார்.

அவர் இங்கே வர விசாவுக்குப் போட்டோம். எங்களுடைய சம்பந்தம் உண்மையானதா என்று கொழும்பில் ஒரு விசா அதிகாரி அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு நாள் கழித்து என்னை வீட்டுத் தொலைபேசியில் கேட்டார்கள். அம்மா சோபாவில் எனக்கு ஒட்டி இருந்துகொண்டு, தானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைப் போடவைத்தார். நான் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். உங்களுக்கு என்ன இசை பிடிக்கும் என்று மறுமுனையில் பேசிய விசாக்காரப் பெண் கேட்டாள். அம்மா என் தொடையில் கிள்ளினார். நான் கர்நாடக சங்கீதம் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். தேவாரம் என்றேன். வீணை வாசிப்பேன் என்றும் சொன்னேன். வீணையை நான் சரஸ்வதி படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. உங்கள் இருவரின் பதில்களும் பொருந்தவில்லை, உங்களுக்குப் பிடித்தவை என்று மாப்பிள்ளை ஒரு ராப் பாடகனின் ஐந்து சீடிகளையும் வரிசையாகச் சொன்னார், நீங்கள் வேறு சொல்கிறீர்கள், விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று இருந்தது. நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அந்த மனிதர் எனக்காக உண்மை சொன்னார், நான் அம்மாவுக்காகப் பொய் சொன்னேன். அவர் வராமல் போனால் அது என்னால்தான்.

இரவும் பகலும் இருந்து சத்தியக் கடதாசி எழுதினேன். ஐந்து சீடிகளும், எங்கே வாங்கினேன், எது பிடிக்கும், நாலாவது ஏன் பிடிக்கவில்லை, எல்லாம். அம்மா பக்கத்தில் இருந்ததால் பொய் சொன்னேன் என்பதையும் எழுதினேன். அதில் ஒரு ஜேபி, அதாவது சமாதான நீதவான், சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஜேபி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் வருகிற ஒரு அங்கிள்தான். பூசை முடிந்து, வீபூதியோடும் வடையோடும் இருந்தவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். ஜேபி வாசிக்கத் தேவையில்லை, நான் கையெழுத்து வைப்பதைப் பார்த்தால் போதும். ஆனால் எங்கள் ஆட்கள் வாசிக்காமல் விடுவார்களா?

“பிள்ளை, இந்த ‘உப்பு’ எண்டது பாட்டோ?”

“ஓம் அங்கிள்.”

“வீணை?”

“இல்லை அங்கிள்.”

என்னோடு வந்த அம்மா பக்கத்து வாங்கில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க இனி இதுதான் கதை என்று நான் நினைத்தேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தால், அம்மா கைப்பையில் இருந்து பேனையை எடுத்தார்.

“எனக்கும் ஒரு கடதாசி எழுதித் தாங்கோ அண்ணை. அந்தக் கத்துறவனை ஆறு வருசமா எங்கடை வீட்டிலை நானும்தான் கேக்கிறன். என்ன சத்தியம் வேணுமெண்டாலும் பண்ணுறன்.”

முருகன் சந்நிதிக்கு முன்னால் அம்மா அவனுக்காகச் சத்தியம் செய்தார். ஆறு கிழமையில் விசா வந்தது.

விமான நிலையத்தில் இருந்து அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தபோது, பின்சீட்டில் இருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘உப்பு’ சீடியைப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டார்.

“ஆர் இது பாடுறது?”

நான் காரை ஓரம் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சொன்னார். லொட்ஜ் அறையில் அவரிடம் கசெட் போட ஒன்றும் இருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கசெட்டுகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, என் லிஸ்டை மாத்திரம் தினமும் படித்திருக்கிறார். ஒரு வரி பாடிக்காட்டச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

“கும்பிட்டுப்போட்டு எழும்பி வந்திருப்பன்.”

அம்மா பின்னால் கண்ணீர் வரச் சிரித்தார்.

அம்மா இப்போது இல்லை. ரோசா மெல்பேர்னுக்குப் போய்விட்டாள், சீடிக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஆறாவது சீடியை அவன் செய்யவே இல்லை. எனக்கு அவை எதுவும் பெரிய குறையாகத் தெரியவில்லை, அந்த நேரத்தில் போதுமான அளவு கேட்டுவிட்டேன். நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த ஐந்தையும் சொல்லுங்கள் பார்ப்போம் என்று இவரிடம் கேட்டேன். மூன்று சொன்னார், வரிசையும் பிழை. விசா கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று சிரித்துக்கொண்டு கிரிக்கெட்டைப் பார்க்கப் போய்விட்டார். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாட்டும் கேளாமல், நான் எழுதியதை மட்டும் நம்பிப் பாடமாக்கிக்கொண்டு அந்த அதிகாரிக்கு முன்னால் போய் இருந்த பயந்த மனிதர் ஒருவர் இருந்தாரே, அவரை ஒருநாளாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் போல இருக்கிறது.